கழுத்துக்குக் கீழே ஒரு குமிழ்

மார்ச் 3
பயிற்சி விடுதி

அன்பான வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நேற்று போனிலேயே கேட்டேன். அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு "என்னது? என்னது?" என்று கத்தினதில் தெருவே என்னை நலம் விசாரித்துவிட்டது, உன் பதில் மட்டும் காதில் விழவில்லை. இனிமேல் முக்கியமானதை எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நீயும் எழுது. சோம்பேறித்தனம் பண்ணாதே.

அறையில் நாலு கட்டில், ஆள் மூன்று பேர். ஒருத்தி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள், மெஷின் வந்து வேலை போய்விட்டது. இன்னொருத்தி வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள், அவளுக்கும் அதே கதை. நான் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில் பார்த்தவள் என்று சொன்னேன். "பாட்டில் பாக்கறதா? பாத்து?" என்றாள் டிக்கெட்காரி. "விரிசல், கீறல், குமிழ் இருந்தா எடுத்துப் போடணும்" என்றேன். "அதுக்கா சம்பளம் குடுத்தாங்க?" என்று சிரித்தாள். "சீட்டைக் கிழிக்கறதுக்கு மட்டும்…" என்று நான் ஆரம்பித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல மாதிரிதான்.

நாலாவது கட்டில் உனக்கு என்று நானே முடிவு செய்துவிட்டேன். வேறு யாரும் வந்து படுத்துவிடக் கூடாது என்று என் பெட்டியை அதன் மேல் வைத்திருக்கிறேன்.

வகுப்பில் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். டீச்சர் நம் வீட்டில் பிறந்திருந்தால் கடைக்குட்டி. முதல் நாள் மவுஸைக் கொடுத்தார்கள். நான் அதைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தேன். "மேடம், டேபிள் மேல வச்சு நகர்த்துங்க" என்றது அந்தப் பெண். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர்களும் தூக்கித்தான் வைத்திருந்தார்கள்.

நீ பத்தாவது முடித்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கலாம். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஒன்பதாவதில் ஓடிவந்த மகராசி நீ! இங்கே விசாரித்துவிட்டேன். பத்தாவது இல்லாதவர்கள், அவரவர் ஊர்ப் பயிற்சி நிலையத்தில் ஏதாவது ஒரு ஆரம்பப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால் அடுத்த குழுவில் எடுத்துக்கொள்வார்களாம். உடனே போய்க் கேள். நான் ஒரு வேலையில் உட்கார்ந்ததும் வீடு பார்க்கிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இதில் மறுபேச்சு கிடையாது.

நான் வேலையை விட்டு வந்த பிறகு, லைனில் உன் பக்கத்து நாற்காலியில் இப்போது யார்? சூப்பர்வைசர் கடுவன்பூனையிடம் வாய் கொடுக்காதே. அப்பாவுக்கு இருமல் மருந்தை நீயே ஊற்றிக் கொடு, அவர் கையில் விட்டால் செடிக்கு ஊற்றிவிடுவார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 21
வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவின் போன் மூவரும் சுகம். இருமல் மருந்தைக் குடித்துவிட்டதாக அப்பா சொல்கிறார். செடியும் நன்றாகத்தான் இருக்கிறது, பூவெல்லாம் பூத்திருக்கிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? போனில் குரல் கம்மிப்போய் இருந்ததே.

உன் நாற்காலிக்கு நெட்டை வந்திருக்கிறாள். வெளிச்சப் பலகைக்கு முன்னால் அவள் உட்கார்ந்தால் எனக்குப் பாதிப் பாட்டில் தெரிவதில்லை, அவள் தலைதான் தெரிகிறது. கடுவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "இப்பதான் இந்த லைன் விதிப்படி ஓடுது" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறார். ஏன் தெரியுமா? அவள் கழுத்துக் குமிழை விட்டுவிடுகிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, பெட்டியில் அடுக்கும்போது கழுத்துக்குக் கீழே குமிழ் இருந்த பாட்டில் ஒன்று கையிலேயே வெடித்தது, கட்டைவிரல் நரம்பு அறுந்தது, அன்றிலிருந்து விரல் மடங்குவதில்லை, எல்லாம் சொன்னேன். "அந்தக் குமிழ் சின்னதுதான், விதிப்படி போகலாம். ஆனா அன்னிலேர்ந்து எங்கக்கா அந்த இடத்துல ஊசிமுனை அளவு குமிழ் இருந்தாலும் விட்டதே இல்ல. கடுவன் குதிப்பாரு, மெமோ குடுப்பாரு. இவ காதுலயே வாங்கிக்க மாட்டா" என்றேன். நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லைனுக்குப் போய் முதல் வேலையாக ஒரு கழுத்துக் குமிழை விட்டாள். கேட்டால் "விதி விதிதான்டி" என்கிறாள். இவளை என்ன செய்வது சொல்!

பயிற்சி நிலையத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "இப்ப வேலையில இருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வேலை இல்லாதவங்களுக்குத்தாம்மா பயிற்சி. முதல்ல வேலை போகட்டும், அப்புறம் வாங்க" என்றார். கேட்டாயா கூத்தை? பசி எடுப்பதற்குள் சமைக்கக் கூடாதாம்.

கட்டிலில் இருந்து பெட்டியை எடுத்துவிடாதே. எப்படியாவது வந்துவிடுவேன். நீ இல்லாமல் பக்கத்து நாற்காலியில் சண்டை போட ஆள் இல்லை. பதில் போடு.

உன் வாலு


ஏப்ரல் 28
பயிற்சி விடுதி

அன்பான வாலுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? செடியின் ரகசியம் எனக்குப் போன வருஷமே தெரியும்.

நல்ல செய்தி. முதல் கட்டப் பயிற்சி முடிந்து, இதே கட்டிடத்தில் மேல் மாடியில் இருக்கிற கம்பெனியில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். டிக்கெட்காரிக்கும் கிடைத்திருக்கிறது, வங்கிக்காரிக்குக் கிடைக்கவில்லை. அவள் பெட்டி கட்டிக்கொண்டு போனபோது தண்ணீர் பாட்டிலை மட்டும் நிரப்பிக் கொடுத்தேன்.

என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பாய். திரையில் ஒரு படம் வரும். என்ன படம்? பாட்டில்! ஐயோ, என் தலையெழுத்தே! எங்கே போனாலும் துரத்திக்கொண்டு வருகிறது. விரிசல், குமிழ் எங்கே என்று பார்த்து அதைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். பிறகு 'நல்லது' அல்லது 'கெட்டது' என்று அமுக்க வேண்டும். அவ்வளவுதான். இப்படி ஏராளமான படங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கேமரா தானே கற்றுக்கொள்ளுமாம். டீச்சர் சொன்னது: "நீங்க பாக்கற மாதிரியே அதுவும் பாக்கும் மேடம்." எந்தத் தொழிற்சாலைக்கு என்று கேட்டேன். எங்கேயோ தூரத்தில் என்றாள். வேலையைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே போகும்போது போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள்.

இங்கே கடுவன் இல்லை. கழுத்துக் குமிழ் எது வந்தாலும் 'கெட்டது' என்று போட்டுக்கொண்டே போகிறேன். கேட்க நாதி இல்லை! நாற்காலி மெத்து மெத்தென்று இருக்கிறது, ஏசி வேறு. உன்னை இங்கே பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

மழை வருவதற்குள் விரலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மே 17
வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உனக்கு வேலை கிடைத்ததை அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "பெரியவ கம்ப்யூட்டர்ல ஆபீசர்" என்று பால்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. நீ பார்ப்பது பாட்டில்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மானம் என் கையில்.

இங்கேயும் ஒரு விசேஷம். லைனுக்கு மேலே, நாங்கள் உட்காருகிற இடத்துக்கு நேரே, கறுப்பாக ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். அதைச் சுற்றி விளக்கு. என்னவென்று கேட்டதற்குக் கடுவன், "பாட்டிலை எண்ணறதுக்கு. உன்னை ஒண்ணும் படம் பிடிக்கல, போய் வேலையப் பாரு" என்றார். அப்படியும் மறுநாள் நெட்டை பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். நானும் தலையைக் கொஞ்சம் படிய வாரிக்கொண்டுதான் போனேன். உண்மையைச் சொல்வதில் என்ன?

அக்கா, எனக்குச் சீக்கிரம் ஒரு வழி பண்ணு. வீட்டுக்கு வந்தால் அப்பாவும் டிவியும் மட்டும்தான். இரண்டும் கத்துகின்றன, இரண்டுக்கும் நான் சொல்வது கேட்பதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது இன்னமும் மூன்று எடுத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் வாலு


ஜூன் 4
பயிற்சி விடுதி

அன்பான வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். அப்பாவின் உடம்பு எப்படி?

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்தப் பயிற்சி நிலையத்துக்கு மறுபடியும் போ. அந்த மனிதர் என்ன சொன்னாலும் விடாதே. மேலதிகாரியைப் பார். தேவைப்பட்டால் வேலையை விட்டுவிட்டாவது சேர்ந்துவிடு, அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்கு நான் அனுப்புகிறேன். ஏன் என்று கேட்காதே, சும்மாதான் சொல்கிறேன். காலம் மாறிக்கொண்டிருக்கிறது, கையில் ஒரு சான்றிதழ் இருப்பது நல்லது.

மழை ஆரம்பித்துவிட்டதால் விரல் வலிக்கும். அந்த நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யாதே. ஈரமானால் இன்னும் விறைத்துப்போகும். ஸ்டோரில் கையுறை கேட்டு வாங்கு, கொடுக்காவிட்டால் நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 12
வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை கேள்வி ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். "வேலையை விட்டுவிடு" என்று நீயா சொல்கிறாய்! ஜுரத்தோடு என்னை லைனுக்குத் தள்ளிக்கொண்டு போனவள் நீ.

பிறகு மறுபடியும் படித்தேன். நீலத் துணி என்று எழுதியிருக்கிறாய். எந்த நீலத் துணி, அக்கா? நான் உனக்கு எழுதவில்லையே. அப்பா சொல்லியிருப்பாரோ என்று பார்த்தால் அவருக்கே தெரியாது. அவர் பார்த்தால் புலம்புவார் என்று லைனில் உட்கார்ந்த பிறகுதான் கட்டுகிறேன், வெளியே வரும்போது அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். நெட்டைக்கு உன்னோடு பேச்சு வார்த்தையே கிடையாது.

அந்தக் கறுப்புப் பெட்டி மாட்டினதற்கு அப்புறம்தான் அந்தத் துணியைக் கட்ட ஆரம்பித்தேன்.

நீ கட்டம் போடுகிற பாட்டிலெல்லாம் எங்கே இருந்து வருகிறது, அக்கா?

கட்டாயம் பதில் எழுது.

வாலு


ஜூலை 6
வீடு

அக்காவுக்கு,

சுகம். உன் பதில் வரவில்லை. போனில் அப்பாவிடம் பேசுகிறாய், நான் வாங்கினால் "சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிடுகிறாய். ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்கிற குரல் எனக்கு மட்டும் கேட்காதா?

சரி, நானே சொல்கிறேன். நேற்று அந்தப் பெட்டியை ஓட்டிப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை மாதிரி பொருத்தியிருக்கிறார்கள். பாட்டில் சரியில்லை என்று பெட்டி பார்த்தால் அந்தக் கை தட்டிவிடும், பாட்டில் கழிவுப் பெட்டியில் விழும். எங்களை எல்லாம் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். கடுவன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்.

நன்றாகத்தான் ஓடியது. விரிசலைத் தட்டியது, கீறலைத் தட்டியது. பிறகு நல்ல பாட்டிலைத் தட்ட ஆரம்பித்தது. ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று, மேலும் மேலும் போயிற்று. கடுவன் ஓடிப்போய்க் கழிவுப் பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "அளவுக்குள்ளதானே இருக்கு! இதை எதுக்குத் தள்ளுது?" என்று கத்தினார். வருஷக்கணக்காக உன்னைப் பார்த்துக் கத்தின அதே கத்தல். அடுத்ததையும் எடுத்தார். எல்லாம் கழுத்துக் குமிழ்.

நெட்டை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கக்காடி இது" என்றாள்.

எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் சந்தோஷம்தான் வந்தது. நீயே திரும்பி வந்து உன் இடத்தில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. வெடுக்கென்று நீ தள்ளுகிற மாதிரியே தள்ளியது. பிறகுதான் எங்கள் நாற்காலிகளைப் பார்த்தேன். ஏற்கனவே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திட்டுவதற்காக எழுதவில்லை. ஒரு வரி போடு. 'ஆமாம்' என்று மட்டும் எழுதினாலும் போதும்.

வாலு


ஆகஸ்ட் 9
வீடு

அக்காவுக்கு,

அப்பா நலம். நானும் அப்படித்தான்.

லைனில் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் கடுவன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் வந்ததும், "உங்கக்கா எப்படிம்மா இருக்கா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்லட்டும்?

இப்போது எனக்கு வேலை இல்லை என்பதால் பயிற்சி நிலையத்தில் மரியாதையாக உள்ளே கூப்பிட்டார்கள். பத்தாவது இல்லாதவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு பயிற்சிதான். என்ன பயிற்சி என்று சொல்லட்டுமா? பாட்டில் பார்க்கும் பயிற்சி! வெளிச்சப் பலகை, நாற்காலி, பாட்டில். எனக்கே என் வேலையைச் சொல்லித் தருகிறார்கள், அக்கா. வாத்தியார் நல்ல மனிதர். "சார், இந்த வேலை இப்ப எங்கயுமே இல்லையே" என்றேன். "தெரியும்மா. இந்தப் பாடத்திட்டம் போட்டப்ப இருந்துச்சு. புதுசு கேட்டு எழுதியிருக்கோம், வரும். அதுவரைக்கும் வாங்க, தேர்வு எழுதுங்க, சான்றிதழ் கிடைக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தூக்கம் வருவதில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தேறினால் உன் ஊருக்கு வரலாம். அதற்காகத்தான் போகிறேன். அந்தக் கட்டிலில் இன்னும் உன் பெட்டி இருக்கிறதா, இல்லை வேறு யாராவது படுத்துவிட்டார்களா?

வாலு


ஆகஸ்ட் 22
பயிற்சி விடுதி

என் வாலுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஆமாம்.

மே மாதக் கடைசியில் தெரிந்தது. ஆரம்பத்தில் வந்தது வேறு ஊர்ப் பாட்டில். மே நடுவில் வந்த புதுப் படங்களிலேயே பாட்டிலின் அடியில் நம் அச்சு முத்திரையைப் பார்த்தேன், இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு படத்தில் ஒரு கை வந்தது. பாட்டிலை எடுக்க நீட்டின கை. கட்டைவிரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது, நீலத் துணி சுற்றியிருந்தது. அடுத்த படத்துக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வந்து, "என்ன மேடம், படத்துல ஏதாவது பிரச்சினையா?" என்றாள். கை வந்திருக்கிறது என்றேன். "கையை விட்டுடுங்க, பாட்டிலை மட்டும் பாருங்க" என்றாள்.

எழுந்து வந்திருக்கலாம். எழுந்தால் அந்த நாற்காலியில் டிக்கெட்காரி உட்காருவாள், கேமரா எப்படியும் வரத்தான் போகிறது. என் சம்பளமும் போய்விட்டால் அப்பாவும் நீயும் என்ன செய்வீர்கள்? சொல்லாமலே உன்னை அங்கிருந்து கிளப்பிவிடலாம் என்று பார்த்தேன். நீலத் துணியில் மாட்டிக்கொண்டேன். அப்புறம் எத்தனை தாள் எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

நம் தொழிற்சாலையில் இருந்து புகார் வந்தது, கேமரா நல்ல பாட்டிலைத் தள்ளுகிறது என்று. யார் குறித்தது என்று தேடி என்னிடம் வந்தார்கள். டீச்சர் கோபப்படவில்லை. "விதியில அளவு குடுத்திருக்கே மேடம், அதைப் பாக்கலியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். கழுத்துக் குமிழ் இருக்கிற படங்களை எல்லாம் என்னிடமே திரும்பக் கொடுத்தார்கள். 'கெட்டது' என்று போட்டதை எல்லாம் 'நல்லது' என்று மாற்றினேன். நானேதான் மாற்றினேன். உன் கை இருந்த படமும் வந்தது. அந்தப் பாட்டிலிலும் குமிழ் இருந்தது. அதையும் 'நல்லது' என்று போட்டேன்.

என்னைத் திட்டு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் ஒன்று மட்டும் கேள். உன் தேர்வுக்கு நம் தொழிற்சாலை பாட்டில்தான் வரும். கழுத்துக் குமிழ் வந்தால் விட்டுவிடு. அது விதிப்படி நல்ல பாட்டில். ஒரு நாள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டு, தேறி, இங்கே வந்துவிடு. பெட்டி அந்தக் கட்டில் மேலேயேதான் இருக்கிறது. வார்டன் பலதடவை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை.

விரல் எப்படி இருக்கிறது?

அக்கா


செப்டம்பர் 15
வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பா நலம், இருமல் விட்டிருக்கிறது. நீ உடம்பை வருத்திக்கொள்ளாதே. கண்ணாடி போட வேண்டியிருந்தால் போட்டுக்கொள், திரை பார்க்கிற வேலை.

'ஆமாம்' என்று எழுதியிருந்தாயே, அது போதும் எனக்கு. உன்மேல் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்று அரிசி டப்பாவைத் தூக்கி எறிந்தேன், பிறகு நானும் அப்பாவும் உட்கார்ந்து பொறுக்கினோம். அவர் என்னவென்று கேட்கவே இல்லை. பொறுக்கி முடித்துவிட்டு, "அவ தனியா இருக்காம்மா அங்க" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் தேர்வு. நீ சொன்னதைப் போலவே நம் தொழிற்சாலை பாட்டில்தான் பெட்டி பெட்டியாக வந்திருந்தது. புது மெஷின் தேர்ந்தெடுத்த நல்ல பாட்டிலும், தள்ளின பாட்டிலும் கலந்து பெல்ட்டில் விட்டார்கள். நல்லதைத் தள்ளினாலும் மதிப்பெண் போகும், கெட்டதை விட்டாலும் போகும். வாத்தியார் தாளோடு பக்கத்தில் நின்றார். "நீங்க எல்லாம் தேர்வு எழுதணுமான்னு இருக்கும்மா எனக்கு" என்று காதோடு சொன்னார்.

கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டுதான் போனேன். அக்கா சொன்ன மாதிரி விட்டுவிடுவது, தேறுவது, பஸ் ஏறுவது. பெட்டிகூட பாதி கட்டிவிட்டேன்.

முதல் கழுத்துக் குமிழ் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. விட்டுவிடு என்றுதான் நினைத்தேன், ஆனால் கை போய்த் தள்ளிவிட்டது. வாத்தியார், "இது அளவுக்குள்ள இருக்கும்மா. இன்னொரு தரம் பாருங்க" என்று எடுத்து மறுபடி வைத்தார். எவ்வளவு நல்ல மனிதர் பார். பார்த்தேன். இதை யாரோ ஒரு பெண் எங்கேயோ பெட்டியில் அடுக்குவாள் இல்லையா? நீ முன்னே தள்ளிக்கொண்டிருந்தாய். பிறகு மெஷினுக்குள் இருந்து தள்ளினாய். இப்போது அதிலும் நீ இல்லை. நானும் விட்டுவிட்டால், அதைத் தள்ள எங்கேயும் ஒரு ஆள் இல்லை, அக்கா. மறுபடியும் தள்ளினேன். மெஷின் இப்போது விட்டுவிடுவதால் பெட்டி நிறைய அதுதான் இருந்தது. எல்லாவற்றையும் தள்ளினேன்.

நான் ஃபெயில். இந்தப் பயிற்சியையே இதோடு நிறுத்திவிடப் போகிறார்களாம். புதுப் பாடத்திட்டம் எப்போது வரும் என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை.

கட்டிலில் இருந்து பெட்டியை எடுத்துவிடு. யாராவது வேலை போய் வந்திருப்பாள், அவள் படுத்துக்கொள்ளட்டும். நீ மாற்றிப் போட்டதைப் பற்றி இனிமேல் நினைக்காதே. உன்னை மாற்ற வைத்தார்கள், மாற்றினாய். உன் வேலை உனக்கு நிலைக்க வேண்டும், அப்பாவுக்கு நீ ஆபீசர்.

விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இப்போது என் தலைக்கு மேலே கேமரா இல்லை, நீ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் எழுதுகிறேன். வலிக்கிறது, அக்கா.

உன் வாலு